சுண்ணாம்பு நின்ற இடம்

என்னுடைய வாளி துத்தநாகம் பூசிய சாதாரணத் தகர வாளி. அடியில் ஒரு முறை பற்றவைத்தது. கைப்பிடியின் நடுவிலிருந்த மரக்கட்டை என்றோ உடைந்துபோய், கம்பி மட்டும் கைபட்டுத் தேய்ந்து மினுங்கும். அதை நான் முதன்முதலாகப் படம் எடுத்தது ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில். பெங்களூரில் ஆடி மாதம் வெயில் தலைகாட்டாது. வானம் முழுக்க ஒரே சாம்பல் மேகமாக இருக்கும். தரையில் எதற்கும் நிழல் விழாது. பழைய சாமான்களின் நிறம் அந்த வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரிகிறது என்று அன்று கண்டேன். நாட்குறிப்பில், ‘மேகம். காற்றில்லை. குழாயடி, வாளி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான் குடியிருந்தது சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு குடித்தனங்கள் இருந்த இடத்தில். சென்னையில் அதை ஸ்டோர் என்பார்கள். இங்கே கன்னடத்தில் வட்டாரா. முற்றத்தின் நடுவில் ஒரு குழாய், பக்கத்தில் ஒரு துவைக்கிற கல். குழாயில் தண்ணீர் வருவது காலை பத்து மணிக்குமேல். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். பத்து மணிக்கு மேஜையில் இருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பா சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர். அவருக்குப் பின் அம்மாவும் போனபிறகு, பெரிய வீட்டை விட்டுவிட்டு இந்த ஒற்றை அறைக்கு வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்குத் தனியாக ஒரு கதை கிடையாது, தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அதனால் காலையில் வாளியைக் குழாயடி வரிசையில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் வரும்போது அது என் கதவோரம் நிறைந்து நிற்கும். தூசி விழாமல் மேலே ஒரு தட்டு மூடியிருக்கும். எதிர்க் குடித்தனத்து அம்மாள் நிரப்பி வைப்பார். அவருடைய புருஷன் மில் தொழிலாளி. இருவரும் வட ஆற்காட்டுப் பக்கம். நான் அவரை எதுவும் கேட்டதில்லை. நான் குடிவந்த புதிதில் ஒருநாள் வாளி நிறைந்திருந்தது; அதன்பிறகு தினமும் நிறைந்திருந்தது.

“வாளி வெச்சிட்டேன் அண்ணா.”

“பாத்தேம்மா.”

சில நாட்களில் அலுவலகத்துக்கு வெளியே நான் பேசிய பேச்சு இந்த ஒன்றுதான். என்னை நினைவில் வைத்து, உறவும் கூலியும் இல்லாமல், ஒருவர் எனக்காகச் செய்த காரியமும் அந்த ஊரில் இந்த ஒன்றுதான். அந்த வாளி நிறைந்திருக்கும் வரையில் நானும் அந்த முற்றத்தைச் சேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காமிரா ஏலத்தில் வாங்கியது. சுதந்திரத்துக்குப் பின் கண்டோன்மென்ட் பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறியபோது, நாற்காலி முதல் நாய்ச்சங்கிலி வரை ஏலத்தில் விட்டார்கள். நான் ஒரு மேஜை விளக்கு வாங்கப் போய், மடக்குக் காமிரா ஒன்றோடு திரும்பினேன். அதன் தோலுறை மூலைகளில் உரிந்திருந்தது. மனிதர்களைப் படம் எடுக்க எனக்கு வராது. பொத்தானை அழுத்துமுன் அவர்களிடம் ஏதாவது பேச வேண்டும், சிரிக்கச் சொல்ல வேண்டும், தலையைச் சாய்க்கச் சொல்ல வேண்டும். வாளியிடம் அதெல்லாம் வேண்டியதில்லை. முக்காலியில் காமிராவை நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டூடியோக்காரர் எனக்குப் படம் கழுவி, பளபளப்பில்லாத காகிதத்தில் அச்சிட்டுத் தருவார். கறுப்பு வெள்ளைதான். அதற்கு நானே நிறம் போடுவேன். அவர் கடையில் கல்யாணப் படங்களுக்கு நிறம் போடுவது எப்படி என்று பார்த்திருக்கிறேன்: கன்னத்தில் ரோஜா நிறம், உதட்டில் சிவப்பு, புடவையில் கிளிப்பச்சை. எனக்கு வேண்டியது அது அல்ல. அலுவலகத்தில் வரைபடங்களுக்கு நாங்கள் போடும் நீர்வண்ணங்கள் என் கைக்குப் பழகியவை. செங்கல் சுவருக்குக் கருஞ்சிவப்பு, மரத்துக்குச் செம்பழுப்பு, இரும்புக்கு நீலம் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. அதே வண்ணங்களைத் தண்ணீரில் நிறையக் கரைத்து, காகிதத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுவேன். ஒரு பூச்சு காய்ந்தபிறகு அடுத்தது. வாளியின் துரு வந்து சேர ஒரு வாரம் ஆனது.

வாளிக்குப் பிறகு முற்றத்திலேயே எவ்வளவோ இருந்தது. நடுவில் குழிந்து, குறுக்கே விரிசல் விட்ட துவைக்கிற கல். புகை படிந்த வெந்நீர்த் தவலை. பச்சை பெயின்ட் உரிந்து அதற்கடியில் இருந்த பழைய நீலம் எட்டிப் பார்க்கும் ஜன்னல் கம்பி. மூலைக் குடித்தனத்தில் ஒரு தையற்காரர் இருந்தார். அவருடைய கரி இஸ்திரிப் பெட்டியின் மரப்பிடி, விரல்கள் பதிந்து பதிந்து ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தது. அந்தப் பிடியைப் போல நிறமுள்ள மரத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியைக் கல்மேல் வைத்து நான் காமிராவுக்குள் குனிந்திருந்தபோது தையற்காரர் சத்தமாகக் கேட்டார்.

“இன்னா சார், என் பொட்டிக்கு மாப்ள பாக்கறீங்களா? ஃபோட்டோ எடுக்கறீங்க?”

“வயசாயிடிச்சே, யார் கட்டுவாங்க?” என்றார் மில்காரர்.

“ஏன்? சூடு இன்னும் கீதுப்பா.”

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து சிரித்தார். “அண்ணா, இத்தினி பெரிய ஆளு இங்க நிக்கறாரே, எங்க ஊட்டுக்காரரு. அவர ஒண்ணு எடுக்கப்படாதா? வாளியும் பொட்டியும் எடுக்கறீங்க.”

“வாளி ஆடாதுடி. நான் ஆடுவேன்” என்றார் மில்காரர்.

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பேச்சையெல்லாம் அன்றிரவு நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். எழுதும் அளவுக்கு எனக்கு அது பெரிய நிகழ்ச்சி.

அந்த வருடம் முற்றத்தில் ஒரு கவலை இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஏழு குடித்தனங்களையும் காலி செய்துவிட்டு, கீழே கடைகளும் மேலே மாடியுமாகக் கட்ட நினைக்கிறார் என்று பேச்சு. ஒழுங்காக வாடகை கொடுப்பவர்களைச் சும்மா வெளியேற்ற முடியாது; கட்டடம் குடியிருக்கத் தகுதியில்லாமல் சிதிலமாகிவிட்டது என்று கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று தையற்காரர் எங்கோ கேட்டுவந்து எல்லோருக்கும் சொன்னார். எனக்கும் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கும் அது கவலைதான். ஆனால் மாலையில் முற்றத்தில் எல்லோரும் கூடிப் பேசும்போது நான் அறைக்குள் நிறம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரரின் கணக்கர் வாடகைக்கு வந்தார். குடையும் பையுமாக, கன்னடமும் தமிழும் கலந்து பேசும் மனிதர். நான் அப்போது துவைக்கிற கல்லுக்கு எதிரே முக்காலியை நிறுத்தி, விரிசலுக்குள் வளர்ந்திருந்த பாசியைக் குவியத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் பின்னால் வந்து நின்றார்.

“ஏனு சார், ஃபோட்டோவா? பேஷ், பேஷ். அந்த விரிசல் நல்லா தெரியுமா படத்துல?”

“தெளிவா தெரியும்” என்றேன்.

“அந்த செவுரு? காரை பேந்திருக்குதே, அது?”

“அதுவும் எடுத்திருக்கேன்.”

“சந்தோஷம் சார். நல்லா எடுங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

குழாயடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். அவர் படத்தைப் பற்றிக் கேட்டார், நான் படத்தைப் பற்றிப் பதில் சொன்னேன். அன்றைய குறிப்பில் நான் எழுதியது பாசியின் நிறத்தைப் பற்றி மட்டும்தான்.

மறுநாள் மாலை நான் திரும்பியபோது வாளி என் கதவோரம் இல்லை. காலையில் நான் வைத்த இடத்திலேயே, குழாயடியில், காலியாக நின்றது. தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, தெருக்கோடியில் இருந்த கைப்பம்புக்குப் போனேன். அடுத்த நாளும் காலி. அதற்கடுத்த நாள் அது வரிசையிலிருந்து நகர்த்தப்பட்டு, சாக்கடை ஓரம் கவிழ்ந்து கிடந்தது. காற்றில் உருண்டிருக்கும் என்று நினைத்தேன். காற்றில்லை என்று என்னுடைய அன்றைய குறிப்பே சொல்கிறது.

எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டேன். “தண்ணி சரியா வரலியாம்மா?”

“வரல சார்” என்றார்.

அவருக்குப் பின்னால், அவர் வாசலில், மூன்று குடங்கள் கழுத்துவரை ததும்பிக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். அவர் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. நான் முற்றத்தில் இறங்கினால் பேச்சு நிற்கும். காமிராவோடு வந்தால் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போவார்கள். தையற்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தர மறுக்கவில்லை. “சூடா கீது சார், அப்புறம்” என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். நான் என்ன தவறு செய்தேன் என்று நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். மேகம், காற்று, பொருள், தூரம் என்று எல்லாம் இருந்தது. யார் என்ன முகத்தோடு நின்றார்கள் என்று மட்டும் இல்லை. மாலைகளில் கைப்பம்பிலிருந்து வாளியைத் தூக்கி வரும்போது தெருவில் அது காலில் இடறி, பாதித் தண்ணீர் என் வேட்டியில் கொட்டும். முற்றத்துக்குள் நுழையும்போது நிமிர்ந்து நடக்கப் பார்ப்பேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கணக்கர் என் அறைக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த ஃபோட்டோங்க வேணும் சார். யஜமானர் கேக்கறார். கோர்ட்டுக்கு. நீங்க கவர்மென்ட் ஆளு, நீங்க எடுத்ததுன்னா ஜட்ஜு நம்புவார். உங்கள விட்டுட மாட்டோம், மாடி கட்டினதும் உங்களுக்கு ஒரு நல்ல ரூமு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லின் விரிசல், சுவரின் காரை, தெளிவாகத் தெரியும் என்று நான் சொன்ன பதில், காலி வாளி. நான் சொந்தக்காரருக்காகப் படம் எடுக்கிறேன் என்று முற்றம் நினைத்திருக்கிறது. பிறகு, நிறம் போட்ட படங்களை எடுத்து மேஜையில் பரப்பினேன். நான் எடுத்தது இதற்காக, கோர்ட்டுக்காக இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. பார்த்தால் புரியும் என்று நினைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். துவைக்கிற கல்லை அதிக நேரம் பார்த்தார்.

“என்ன சார் இது? கெட்டுப்போன மாதிரியே தெரியலியே. நல்லால்ல இருக்குது! ஏதோ கோயில் கல்லு மாதிரி இருக்குது. இத காட்டினா, ‘இவ்வளவு நல்ல வீட்ட ஏன்யா இடிக்கறே’ன்னு ஜட்ஜு நம்மளயே கேப்பார்.” படங்களைத் தட்டி அடுக்கித் திருப்பித் தந்தார். “கலர் போடாத ஃபிலிம் இருக்குமே, அத குடுங்க.”

“அது தரதுக்கில்ல” என்றேன்.

“ஏன் சார்?”

“நானும் இங்கதான் இருக்கேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். போகும்போது முற்றத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, “வரேன் சார், யோசிங்க” என்றார். அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி முற்றம்தான். ஆனால் யாரிடம் தொடங்குவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதெல்லாம் எனக்கு ஒழுங்காக அமைய வேண்டும். மறுநாள் விடியற்காலையில் அலுவலக வேலையாகச் சந்தாபுரா பக்கம் சர்வே முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பயணியர் விடுதி வராந்தாவில், வரைபடத் தாள்களைக் கல் வைத்து அழுத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன். ‘அவர் படம் கேட்டார், நான் தரவில்லை. அந்தப் படங்கள் அதற்காக எடுத்தவை அல்ல.’ இரண்டு வாக்கியம். முதலில் எதிர்வீட்டு அம்மாளிடம். முடிந்தால் கல்லின் படத்தையும் காட்டுவது. வேலை ஒரு வாரத்துக்கு மேல் நீண்டது. அங்கேயும் சாயங்காலங்களில் பேச ஆள் இல்லை. அந்த இரண்டு வாக்கியங்களையும் பலமுறை திருத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டிறங்கி வந்து, நடை வழியாக முற்றத்துக்குள் நுழைந்தவன், வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று நின்றேன்.

முற்றம் முழுக்க வெள்ளை. நீலம் கலந்து அடித்த புதுச் சுண்ணாம்பு, அந்த மேகமூட்டத்திலும் கண்ணைக் கூசவைத்தது. ஜன்னல் கம்பிகளுக்குப் புதுப் பச்சை. துவைக்கிற கல்லின் விரிசலில் சிமென்ட். புளி போட்டுத் தேய்த்த தவலை வாசலில் சூரியனைப் போல உட்கார்ந்திருந்தது. குழாய்க்குக்கூட அலுமினியப் பெயின்ட். தையற்காரர் வாசலில் இருந்த இஸ்திரிப் பெட்டிக்குப் புதிய பிடி, சிவப்பு வார்னிஷோடு. நான் எடுத்த ஒவ்வொரு பொருளும் அங்கே புதிதாகியிருந்தது. நான் எதையெதைப் படம் எடுத்தேன் என்று என் நாட்குறிப்பைவிட அவர்கள் சரியாக நினைவு வைத்திருந்தார்கள்.

ஆறு குடித்தனமும் சேர்ந்து பல நாள் வேலை செய்திருக்க வேண்டும். சுண்ணாம்பு கரைத்திருப்பார்கள், ஏணி பிடித்திருப்பார்கள், ஒருவர் தலையில் ஒருவர் தெளித்துக் கேலி பேசியிருப்பார்கள். என் கதவு வரையில் வந்து, நிலைக்கு ஒரு முழம் முன்னால் சுண்ணாம்பு நின்றிருந்தது. கோடு போட்டதுபோல நேராக நின்றிருந்தது. என் கதவைத் தாண்டி அடுத்த குடித்தனத்தில் மறுபடி தொடங்கியது. நடுவில் என் சுவர் மட்டும் காரை பெயர்ந்து, பழுப்பும் கறுப்புமாக இருந்தது.

சந்தாபுராவில் தயார் செய்த இரண்டு வாக்கியங்களோடு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு முறத்தைக் குனிந்து புடைத்தார்.

நான் வாயைத் திறக்குமுன் நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. கணக்கர். அவருக்குப் பின்னால், பெரிய மரக் காமிராவும் முக்காலியும் தூக்கிக்கொண்டு, எனக்குப் படம் கழுவித் தரும் அதே ஸ்டூடியோக்காரர். நான் தராததால் வேறு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். கணக்கர் முற்றத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

“இன்னா சாமி, அப்டி பாக்கறீங்க?” என்றார் தையற்காரர். “எடுங்க, எடுங்க. கல்யாண ஊடு மாதிரி கீதுல்ல? உங்க எஜமானருக்குக் காட்டுங்க. சந்தோஷப்படுவாரு.”

“சுண்ணாம்பு செலவ வாடகைல கழிச்சிக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார் மில்காரர். முற்றம் முழுக்கச் சிரித்தது.

கணக்கர் சுற்றிலும் பார்த்தார். கல்லைப் பார்த்தார், தவலையைப் பார்த்தார். பிறகு அவர் கண் என் சுவரில் வந்து நின்றது.

“இதோ” என்றார். “இது ஒண்ணு போதும். இத எடுப்பா. கிட்டப்போய் எடு.”

சிரிப்பு நின்றது. என்னைத் தள்ளிவைக்க அவர்கள் விட்ட அந்த இரண்டு கஜம் சுவர்தான், அவர்கள் ஒரு வாரம் மறைத்த எல்லாவற்றுக்கும் சாட்சியாக அங்கே மிஞ்சியிருந்தது. தையற்காரர் மில்காரரைப் பார்த்தார். மில்காரர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அவர்கள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

ஸ்டூடியோக்காரர் முக்காலியை விரித்து, காமிராவைப் பூட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் குவியம் பார்த்தார். கண்ணாடிப் பிளேட்டைச் சொருகினார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய், காரை மிக மோசமாகப் பெயர்ந்த இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

“சார், கொஞ்சம் நகருங்க” என்றார் கணக்கர்.

“மாட்டேன்.”

“செவுரு வேணும் சார், ஆள் வேண்டாம்.”

“என் வீட்டு வாசல். நான் நிக்கறேன்.”

தயார் செய்த வாக்கியங்கள் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. கணக்கர் சத்தம் போட்டார். முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில். ஸ்டூடியோக்காரர் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “அவரு என்னோட கஸ்டமருங்க. அவரு ஒத்துக்காம அவரு ஊட்ட எப்டி எடுக்கறது?” என்றார். கணக்கர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் நகரவில்லை. “ஆளோட படத்த வெச்சு என்ன பண்றது, வேண்டாம்” என்று குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். “பிளேட் போட்டாச்சு சார், வீணாப் போகும். தலைய கொஞ்சம் நிமிர்த்துங்க. மூச்சப் பிடிங்க.”

பிடித்தேன். அவர் லென்ஸ் மூடியைத் திறந்து மூடினார். பிறகு எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, என் வாளி கதவோரம் நிறைந்து நின்றது. குனிந்து தூக்கப் போனேன். தண்ணீர் அல்ல. கரைத்த சுண்ணாம்பு. குறுக்கே சுண்ணாம்பு அடிக்கிற மட்டை ஒன்று. எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது.

“மிச்சம் கீது. வேணும்னா அட்ச்சிக்கலாம்.”

அந்தப் பேச்சில் அண்ணாவும் இல்லை, சாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு நானே அடித்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது. கோடு கோடாக வந்தது. மில்காரர் பீடி குடித்தபடி சற்று நேரம் பார்த்துவிட்டு, “மேலேர்ந்து கீழ இழுக்கணும்” என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு வாளியைக் கழுவி, திங்கட்கிழமை காலையில் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் அது நிறைந்திருந்தது. மேலே தட்டு மூடியிருந்தது. தண்ணீரின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம். “வாளிய நல்லா கழுவல நீங்க. குடிக்காதீங்க, குளிக்கறதுக்கு வெச்சிக்குங்க” என்றார் அந்த அம்மாள். சில வாரங்களில் மறுபடி ‘அண்ணா’ வந்துவிட்டது.

கணக்கர் வாடகைக்கு மட்டும் வந்தார். வழக்கு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் காலி செய்யவில்லை.

ஆனால் அந்த முற்றத்தில் நான் எடுக்க நினைத்த படங்கள் முடிந்துபோயின. நான் காமிராவோடு வெளியே வந்தால் இப்போது யாரும் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போவதில்லை; “இருங்க அண்ணா, ஒரு நிமிசம்” என்று ஓடிவந்து, எதிரில் இருப்பதைத் துடைத்துவிடுவார்கள். பாசியைச் சுரண்டிவிடுவார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். தையற்காரர் தானாகவே இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து கல்மேல் வைத்து, “புதுப் பிடி சார். இப்ப எடுங்க. செவப்பு நல்லா தூக்கலா போடுங்க” என்றார். எடுத்தேன். அவர் கேட்டபடியே சிவப்பைத் தண்ணீர் சேர்க்காமல் போட்டுத் தந்தேன். அதைத் தைக்கும் மெஷினுக்கு மேலே மாட்டிவைத்தார்.

“பழைய பிடி எங்க?” என்று கேட்டேன்.

“அடுப்புல போட்டன் சார். நல்ல மரம். ஒரு சோறு வெந்துடிச்சி.”

அன்று என்னை எடுத்த அந்தப் பிளேட்டிலிருந்து ஓர் அச்சை, அடுத்த முறை படங்கள் வாங்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தார். “ஆடாம நின்னீங்க சார்” என்றார். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். நடுவில் பெயர்ந்த காரை. அதன் நடுவில் கசங்கிய கோட்டோடு நான். பெட்டி காலடியில் இருந்தது. அதற்கு நிறம் போட உட்கார்ந்தேன். காரைக்குச் செம்பழுப்பு, செங்கல் தெரிந்த இடத்தில் கருஞ்சிவப்பு, கதவுப் பூட்டுக்கு நீலம், கோட்டுக்குச் சாம்பல். முகத்துக்கு வந்தபோது தூரிகை நின்றது. மனிதத் தோலுக்கு எங்கள் அலுவலக அட்டவணையில் நிறம் கிடையாது. ரோஜா நிறம் என்னிடம் இல்லை. இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். அப்படியே விட்டேன். காய்வதற்காக ஜன்னல் ஓரம் சாய்த்துவைத்தேன்.

மாலையில் வாளியைக் கொண்டுவந்த அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். என்னுடைய படங்களில் ஒன்றை அவர் கையில் எடுத்துப் பார்த்தது அதுதான் முதல் முறை. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“அய்ய, இந்த மூல எவ்ளோ அசிங்கமா இருந்திச்சி பாருங்க அண்ணா” என்றார். “நல்ல வேள, அட்ச்சிட்டீங்க.”

படத்தைப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டு, தட்டைச் சரிசெய்து வாளியைக் கதவோரம் நகர்த்தினார்.

“வாளி வெச்சிட்டேன்.”

“பாத்தேம்மா” என்றேன்.